கலங்கடிக்கும் சுயாதீனப் பேய்ப்படங்களை ரசிப்பது எப்படி? குமரி மாவட்டத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்த் திரையரங்குகளில் கடந்த பல ஆண்டுகளாக ஓடிய பேய்ப்படங்களில் பெரும்பகுதி சிரிப்பும் அலறலும் கலந்தவை. கதவு திறக்கும், பேரிசை எழும், பிறகு ஒரு நகைச்சுவைக் காட்சி வரும். குடும்பத்தோடு பார்த்துவிட்டு மகிழ்ச்சியாக வீடு திரும்பலாம். இந்த வழிகாட்டி அந்தப் படங்களைப் பற்றியது அல்ல. பெரிய நிறுவனங்களின் பணம் இல்லாமல், நாலைந்து நடிகர்களையும் ஒரு வீட்டையும் வைத்துக்கொண்டு எடுக்கப்பட்டு, பார்த்து முடித்த பின்னும் நாள்கணக்கில் மனத்தை விட்டு இறங்காத படங்களைப் பற்றியது.

இத்தகைய படங்களைப் பார்க்கப் பெரிய துணிச்சல் வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயப்படாமல் உட்கார்ந்திருப்பவர் இந்தப் படங்களின் நல்ல ரசிகர் ஆகிவிடுவதில்லை. எந்த இடத்தில் கலங்கினோம், படம் என்ன செய்ததால் கலங்கினோம் என்று திரும்பிப் பார்க்கத் தெரிந்தவரே நல்ல ரசிகர். ஊர்க் கோயில்களின் கொடை விழாக்களில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அதில் பாதிப் பயிற்சி ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. ஆகவே முதல் படியை அங்கிருந்தே வைக்கிறேன்.

முதல் படி: நீலியின் கதையைக் கவனமாகக் கேளுங்கள்

நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காடும், ஆரல்வாய்மொழிக்கு அருகிலுள்ள முப்பந்தலும் இசக்கியம்மனாக வழிபடப்படும் நீலியின் கதையோடு பிணைந்த இடங்கள். கதை பல வடிவங்களில் வழங்குகிறது. பரவலாகப் பாடப்படும் வடிவம் இது: தன்னை நம்பி வந்த ஒரு பெண்ணை, அவள் அவன் மடியில் தலைவைத்து உறங்கும்போது, நகைக்காக ஒருவன் கல்லைப் போட்டுக் கொல்கிறான். அங்கே வேறு யாரும் இல்லை. சாகும் நேரத்தில் பக்கத்தில் நின்ற கள்ளிச் செடியையே அவள் சாட்சியாக அழைக்கிறாள். மறுபிறவியில் அவன் வணிகன், அவள் நீலி. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் கணவர்' என்று ஊரார்முன் நிற்கிறாள். அவன் கதறுகிறான், ஊர் அவனை நம்பவில்லை. கணவன் மனைவி சண்டை என்று எண்ணி இருவரையும் ஒரே வீட்டுக்குள் அனுப்பிவிடுகிறது. விடியும்போது அவன் பிணமாகக் கிடக்கிறான்.

இந்தக் கதையில் நம்மை உண்மையில் கலங்கடிப்பது எது? கொலை நடக்கும் காட்சி என்று நான் சொல்லமாட்டேன். வீட்டுக் கதவு சாத்தப்படும் இடம்தான். உள்ளே போவது யார் என்று கேட்பவருக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. அதைவிட, கேட்பவரின் மனம் அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. அவன் கொலைகாரன், தண்டனை அவனுக்கு உரியது. ஆனாலும் கதறும் மனிதனை ஊரே கையைப் பிடித்து உள்ளே அனுப்புவதைக் கேட்கும்போது வயிறு குழைகிறது. வில்லுப்பாட்டுப் புலவர் அந்த இடத்தில் அவசரப்படமாட்டார். வீசுகோல் வில்லில் விழும் வேகம் குறையும், உடுக்கை மட்டும் தனியாக ஒலிக்கும், குடம் நின்று நின்று பேசும். கதை எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரிந்த கதைதான் ஒவ்வோர் ஆண்டும் பயமுறுத்துகிறது.

அடுத்த முறை கொடைக்குப் போகும்போது மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கதை எங்கே மெதுவாகிறது? எங்கே ஒலி அடங்குகிறது? யார் பக்கம் உங்கள் மனம் நிற்கிறது, எப்போது மாறுகிறது? கான்சாஸிலோ ஆஸ்திரேலியாவிலோ எடுக்கப்பட்ட படத்தைப் பார்க்கும்போதும் இதே மூன்று கேள்விகள்தான் உங்களுக்கு உதவப்போகின்றன.

இரண்டாம் படி: உங்களால் எதைத் தாங்க முடியும் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

2021ஆம் ஆண்டு விதிகளின்படி இந்தியாவில் இணையவழி ஒளிபரப்பாகும் ஒவ்வொரு படமும் வயது வகைப்பாட்டைக் காட்ட வேண்டும்: யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ. அதன் அருகிலேயே வன்முறை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை போன்றவை படத்தில் உண்டா என்ற குறிப்பும் இருக்கும். அதைப் படிக்காமல் படத்தைத் தொடங்காதீர்கள். கதையின் திருப்பம் தெரிந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். அந்தக் குறிப்பில் கதை இருக்காது.

குழந்தைகள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 1968 அக்டோபரில் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' வெளியானபோது அமெரிக்காவில் வயது வகைப்பாட்டு முறை நடைமுறைக்கு வந்திருக்கவில்லை, அடுத்த மாதம்தான் வந்தது. பகல் காட்சிக்கு வழக்கம்போல் வந்த சிறுவர்கள் படத்தின் பிற்பகுதியில் பேச்சற்று உட்கார்ந்திருந்ததையும் ஒரு சிறுமி அழுததையும் திரைவிமர்சகர் ரோஜர் ஈபர்ட் எழுதியிருக்கிறார். அதே படத்தை இன்று வீட்டுக் கூடத்தில் போடும்போது, பக்கத்து அறையில் குழந்தை விழித்திருக்கிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

பெரியவர்களுக்கும் எல்லைகள் உண்டு. நம் மாவட்டத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2004 சுனாமியிலும் 2017 ஒக்கிப் புயலிலும் கடலுக்கு உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் கடற்கரை ஊர்களில் இருக்கின்றன. ஒக்கிக்குப் பிறகு உடல்கூடக் கிடைக்காமல் காத்திருந்தவர்கள் பலர். நீரில் மூழ்கி இறந்த ஒரு பெண்ணைப் புகைப்படங்களில் தேடும் குடும்பத்தைப் பற்றிய படம் அவர்களுக்கு வெறும் படமாக இருக்காது. நண்பர்களுக்குப் பரிந்துரைக்கும்முன் அவர்களுடைய இழப்பை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கே அண்மையில் துக்கம் நேர்ந்திருந்தால் படத்தைத் தள்ளிப்போடுங்கள். நல்ல படம் ஓராண்டு கழித்தும் அப்படியே இருக்கும்.

மூன்றாம் படி: சரியான வரிசையில் ஏறுங்கள்

கடுமையான படத்தில் தொடங்கி, 'இது எனக்கு ஒத்துவராது' என்று ஒதுங்கிவிடுபவர்கள் அதிகம். நான் பரிந்துரைக்கும் வரிசை இது.

முதலில் 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' (1962). ஹெர்க் ஹார்வி, கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் கல்விப்படங்களும் தொழிற்சாலைகளுக்கான விளக்கப்படங்களும் எடுத்துவந்தவர். யூட்டா மாநிலத்தின் கிரேட் சால்ட் லேக் ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த பொழுதுபோக்கு மண்டபம் ஒன்றை வழியில் பார்த்தார். வேலையில் சில வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 33,000 டாலரில் படத்தை முடித்தார். பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்த காரில் தப்பிய ஒரு பெண், புதிய ஊரில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலைக்குப் போகிறாள். அவ்வளவுதான் தொடக்கம். ரத்தம் இல்லை. ஆர்கன் இசை மட்டும் படம் முழுக்க ஊறிக்கொண்டே இருக்கும். தேவாலயங்களின் நடுவே வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு, வழிபாட்டுக்கான இசை மெல்லத் திரிந்து வேறொன்றாக மாறும் அந்தக் காட்சி தனியாகத் தைக்கும். உரையாடல் குறைவு என்பதால் ஆங்கிலம் தடுமாறுகிறவர்களும் தயங்க வேண்டாம்.

அடுத்து 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். சுமார் 1,14,000 டாலர் செலவு, ஒரு பண்ணை வீடு, கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவு. ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. படத்தின் பெயரை மாற்றியபோது புதிய பிரதிகளில் காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனதால் அது யாருக்கும் தனி உரிமை இல்லாத பொதுச்சொத்து ஆகிவிட்டது. ஆகவே 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் சட்டப்படியே இலவசமாகக் காணலாம். 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' படமும் அப்படித்தான். இந்தப் படத்தைப் பார்க்கும்போது வெளியே அலையும் பிணங்களைவிட வீட்டுக்குள் இருப்பவர்களைக் கவனியுங்கள். யார் பேச்சை யார் கேட்க மறுக்கிறார்கள்? நாயகனாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். அது 1968, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டு. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு கடைசிப் பத்து நிமிடத்தைப் பாருங்கள். முடிவை நான் சொல்லமாட்டேன்.

மூன்றாவதாக 'தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்' (1974). பெயரைக் கேட்டே பலர் விலகிவிடுவார்கள். உண்மையில் திரையில் தெரியும் ரத்தம் மிகக் குறைவு. குறைவான வயதுக் கட்டுப்பாடே கிடைக்கும் என்ற நம்பிக்கையில் இயக்குநர் டோப் ஹூப்பர் அப்படி எடுத்தார். ஆனால் பார்த்தவர்கள் ரத்தம் பார்த்ததாகவே நினைவுகூர்கிறார்கள், பிரிட்டனில் 1999 வரை அதற்கு முறையான சான்றிதழ் கிடைக்கவில்லை. காட்டாததைப் பார்வையாளர் எப்படிப் பார்த்தார்? வெயில், வியர்வை, எலும்பு, இயந்திர ஓசை, கண்ணுக்கு மிக அருகில் போகும் கேமரா. இன்னொன்றையும் கவனியுங்கள்: கொலைகாரக் குடும்பம் இறைச்சிக் கூடத்தில் வேலை செய்தது. மாடுகளைச் சம்மட்டியால் அடித்துக் கொன்ற காலம் போய், புதிய கருவி வந்ததால் வேலை போன கதை படத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. நீலி கதையைப் போலவே இங்கும் பயங்கரத்துக்கு ஒரு முற்பிறவி இருக்கிறது.

இதுவரை வந்தவர்கள் நம் பக்கத்துக்குத் திரும்பலாம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த மாவட்டம் இது. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் மலையாளம் காதுக்குப் பழகிய மொழி. அதனால் ராகுல் சதாசிவனின் 'பூதகாலம்' (2022) நமக்கு இயல்பாகவே எட்டும். பாட்டி இறந்த வீட்டில் தாயும் மகனும். ரேவதிக்குக் கேரள அரசின் சிறந்த நடிகை விருது இதற்காகக் கிடைத்தது. வீட்டில் பேய் இருக்கிறதா, இவர்களின் மனநிலை குலைகிறதா என்ற கேள்வியைப் படம் நெடுநேரம் திறந்தே வைக்கிறது. அந்த நேரம்தான் படத்தின் உயிர்.

சனல்குமார் சசிதரனின் 'எஸ் துர்கா' (2017) பேய்ப்படம் அல்ல, பேயே இல்லாத படம். இருந்தும் இந்த வரிசையில் அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நள்ளிரவுச் சாலையில் தனியாக நிற்கும் ஓர் இணைக்கு ஒரு வேனில் இடம் கிடைக்கிறது. அவ்வளவுதான் கதை. எழுதி முடித்த திரைக்கதை இல்லாமல் எடுக்கப்பட்ட இந்தப் படம் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது. முதுகில் கொக்கி குத்தி அந்தரத்தில் தொங்கும் கருடன் தூக்கச் சடங்கு படத்தின் ஊடாக வருகிறது. கொல்லங்கோடு தூக்கத் திருவிழாவைப் பார்த்தவர்கள் அந்தக் காட்சிகளை வேடிக்கையாகப் பார்க்கமாட்டார்கள். நேர்ச்சையாகத் தன் உடலைத் தரும் பக்தனும், யாரும் கேட்காமலே அச்சத்துக்குத் தரப்படும் பெண்ணும் ஒரே படத்தில் அருகருகே இருக்கிறார்கள்.

கடைசியாக ஏற வேண்டிய மூன்று. ஜோயல் ஆண்டர்சனின் 'லேக் மங்கோ' (2008), மேலே சொன்ன மூழ்கிய பெண்ணின் கதை. ஆவணப்படம் போலவே எடுக்கப்பட்ட ஆஸ்திரேலியப் படம், நான் பார்த்தவற்றில் மிகத் துயரமானது. டேவிட் லிஞ்சின் 'இரேசர்ஹெட்' (1977), பல ஆண்டுகள் சிறுகச் சிறுக எடுக்கப்பட்டது. அதன் கதையைத் துரத்தாதீர்கள், ஓயாத இரைச்சலைக் கேளுங்கள். கைல் எட்வர்ட் பாலின் 'ஸ்கினமரிங்க்' (2022), கனடாவில் தன் சிறுவயது வீட்டிலேயே 15,000 டாலரில் எடுத்தது. நீண்ட நேரம் கூரை மூலையும் தரையில் கிடக்கும் பொம்மையும் மட்டுமே தெரியும். பொறுமை இல்லாதவர்களுக்கு அது ஒன்றுமில்லாத படம்.

நான்காம் படி: அறையைத் தயார் செய்யுங்கள்

ஒலிதான் முதன்மை. கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் தாழ்ந்த ஓசைகள் கேட்கவே கேட்காது. 'இரேசர்ஹெட்' போன்ற படத்தில் பாதிப் படம் அந்தத் தாழ்ந்த ஓசையில்தான் இருக்கிறது. காதுமுழுக்க மூடும் ஹெட்ஃபோன் போதும், விலையுயர்ந்தது தேவையில்லை. ஆனி, ஆடிச் சாரல் ஓட்டிலும் தகரத்திலும் இறங்கும் இரவுகளில் இத்தகைய படத்தைத் தொடங்காதீர்கள். மழை பொருத்தமாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் அது படத்தின் மௌனத்தை மூடிவிடும். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் மாசி, பங்குனி இரவுகளே சிறந்தவை.

தொலைக்காட்சியில் நிறங்களைக் கூட்டிக் காட்டும் 'விவிட்' அமைப்பையும் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். தானாக வெளிச்சம் மாறும் வசதியையும் நிறுத்துங்கள். இருண்ட காட்சிகள் தரம் குறைந்த பிரதியில் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும், இருட்டில் நிற்கும் உருவம் அந்தக் கட்டங்களுக்குள் தொலைந்துபோகும். திருட்டுப் பிரதியில் இந்தப் படங்களைப் பார்ப்பது கலைஞருக்கு மட்டும் இழப்பு அல்ல, உங்களுக்கும்தான். இணைய வேகம் குறைந்த மலையோர ஊர்களில் இருப்பவர்கள் முன்கூட்டியே உயர்ந்த தரத்தில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். மின்தடை வாய்ப்புள்ள நாளைத் தவிருங்கள். நடுவில் அறுந்த படத்தை மறுபடி கட்டியெழுப்ப முடியாது.

ஐந்தாம் படி: பார்க்கும்போது

நிறுத்தாமல் பாருங்கள். கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். பயம் வரும்போது கைபேசியை எடுப்பதுதான் இன்று கண்ணை மூடிக்கொள்ளும் வழி. உண்மையிலேயே தாங்க முடியவில்லை என்றால் படத்தை அணைத்துவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் எந்த நிமிடத்தில் அணைத்தீர்கள் என்று குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு பிறகு உதவும்.

ஆறாம் படி: பார்த்த பிறகு

அன்றிரவே விமர்சனங்களைத் தேடாதீர்கள். மற்றவர் சொல் உள்ளே வந்துவிட்டால் உங்கள் கலக்கம் எதனால் வந்தது என்பது மங்கிவிடும். மறுநாள் காலையில் ஒரு தாளில், கேட்காமலே நினைவுக்கு வரும் காட்சியை மட்டும் எழுதுங்கள். பெரும்பாலும் அது படத்தின் மிகக் கொடூரமான காட்சியாக இருக்காது. ஒரு படிக்கட்டு, அடுக்களையில் நிற்கும் அம்மாவின் முதுகு, வெறும் கதவு என்று ஏதாவது இருக்கும்.

பிறகு அந்த ஒரு காட்சியை மட்டும் மறுபடி போடுங்கள், முதலில் ஒலியை முழுதும் நிறுத்திவிட்டு. பயம் மறைந்துவிட்டதா? அப்படியானால் உங்களைக் கலக்கியது ஓசை. மறையவில்லையா? கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மனிதர் நிற்கும் உயரத்திலா, குழந்தையின் உயரத்திலா, யாருமே நிற்க முடியாத மூலையிலா? சட்டகத்தின் எந்தப் பக்கம் காலியாக விடப்பட்டிருக்கிறது? அடுத்த காட்சிக்கு வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது? பிறகு திரையைப் பார்க்காமல் ஓசையை மட்டும் கேளுங்கள். வில்லுப்பாட்டு கேட்ட காதுக்கு இது எளிதாகவே வசப்படும்.

செய்து பார்க்க ஒரு பயிற்சியும் சொல்கிறேன், எனக்கு மிகப் பிடித்தது. இரவில் எல்லா விளக்கையும் அணைத்து, ஒரு சிறு வெளிச்சத்தை மட்டும் வைத்து, உங்கள் வீட்டின் ஒரு மூலையைக் கைபேசியில் ஒரு நிமிடம் அசையாமல் படம்பிடியுங்கள். பழைய நாஞ்சில் நாட்டு வீடாக இருந்தால் மச்சுப் படியோ பத்தாயத்தின் பக்கமோ போதும். மறுநாள் அதைப் பாருங்கள். முப்பதாவது நொடிக்கு மேல் கண் தானாகவே இருட்டில் எதையோ தேடத் தொடங்கும். 'ஸ்கினமரிங்க்' ஏன் அப்படி எடுக்கப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. சிறு செலவில் எடுப்பவர்களின் கைமுதல் பார்ப்பவரின் இந்தத் தேடல்தான்.

ஏழாம் படி: கலங்கடிப்பதற்கு எல்லை உண்டு

கலங்கடிக்கும் படம் எல்லாம் நல்ல படம் என்று நான் சொல்லமாட்டேன். 1980இல் வந்த இத்தாலியப் படமான 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' படப்பிடிப்பில் உயிருள்ள விலங்குகள் உண்மையாகவே கொல்லப்பட்டன. நடிகர்களும் கொல்லப்பட்டார்களோ என்ற சந்தேகத்தில் இயக்குநர் ருஜ்ஜேரோ டியோடாட்டோ நீதிமன்றம் ஏறி, அவர்கள் உயிருடன் இருப்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது. திரைவரலாற்றில் அதற்கு இடம் உண்டு. ஆனாலும் அந்த விலங்குகளின் சாவை ரசனையின் கணக்கில் என்னால் சேர்க்க முடியாது. 'டெக்சாஸ்' படத்திலேகூட விரலை அறுக்கும் காட்சியில் நடிகையின் விரல் நிஜமாகவே அறுக்கப்பட்டது. அதை அறிந்த பிறகு அந்தக் காட்சியை முன்போல் பார்க்க முடிவதில்லை, அப்படிப் பார்க்கவும் கூடாது.

எனக்குள்ள அளவுகோல் ஒன்றுதான். படத்தில் துன்பப்படுகிறவர் மனிதராக நம் நினைவில் நிற்கிறாரா? அவருக்கு ஒரு பெயர், ஒரு பழக்கம், ஓர் ஆசை இருந்ததா? 'லேக் மங்கோ' படத்தின் பெண்ணை நான் இன்றும் நினைக்கிறேன். வதையை மட்டும் வரிசைப்படுத்தும் படங்களில் இறந்தவர் ஒருவரின் முகமும் நினைவில் இல்லை. அந்த வகையை முழுதும் பார்த்தால்தான் ரசிகர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எட்டாம் படி: கூடிப் பார்த்துப் பேசுங்கள்

தனியாகப் பார்ப்பது ஒரு அனுபவம், நான்கு பேரோடு பார்ப்பது வேறொன்று. ஊர் நூலகத்தின் வாசகர் வட்டமோ கல்லூரி நண்பர்களோ போதும். பேச்சை 'பிடித்ததா' என்று தொடங்காதீர்கள். 'யார் பக்கம் நின்றாய், எப்போது மாறினாய்' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு நான்கு பேரும் நான்கு விடை சொல்வார்கள். விடியற்காலையில் தலைவிளக்கோடு ரப்பர் தோட்டத்துக்குப் போகிறவர், இரவில் கடலுக்குப் போகிறவர் யாராவது அந்தக் கூட்டத்தில் இருந்தால் இன்னும் நல்லது. இருட்டு எப்படி இருக்கும், எப்படி ஒலிக்கும் என்பதில் அவர்கள் சொல்லும் திருத்தங்களைப் பல இயக்குநர்கள் கேட்டிருக்க வேண்டும்.

பெரிய திரையில் பார்க்க நமக்கு அருகிலுள்ள வாய்ப்பு டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழா. 1996 முதல் நடந்துவருகிறது. நாகர்கோவிலிலிருந்தோ குழித்துறையிலிருந்தோ ரயிலில் போகலாம், கைரளி, ஸ்ரீ, நிலா திரையரங்குகள் தம்பானூர் ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கின்றன. பிரதிநிதி அட்டைக்கான பதிவு இணையத்தில் முன்னதாகவே தொடங்கிவிடும், தாமதிக்காதீர்கள். நிஷாகந்தி திறந்தவெளி அரங்கில் நள்ளிரவுக் காட்சியாகப் பேய்ப்படங்கள் காட்டப்பட்டதும் உண்டு, அட்டவணையில் தேடிப் பாருங்கள். இரவுக் காட்சிக்குப் போகிறவர்கள் திரும்பும் ரயிலைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது, இல்லையென்றால் தங்க இடம் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். விழாவில் ஒரே நாளில் நான்கைந்து படங்கள் பார்க்க முடியும். கலங்கடிக்கும் படம் ஒன்று அகப்பட்டால் அதற்கு அடுத்த காட்சியை மட்டும் விட்டுவிடுங்கள். வெளியே வந்து தேநீர் குடித்துக்கொண்டு, உடன் பார்த்த யாரிடமாவது முதல் படியில் சொன்ன அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.